ரெண்டெட்டு அக்காவும் பலகையில் ஒட்டிய சொல்லும்

அந்தப் பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. பத்து நிமிடம்கூட இருக்காது.

மதியச் சாப்பாட்டு நேரம். முதலாளி கீழே இறங்கிப் போயிருந்தார். நகல் எடுக்கும் கடைக்கு மேலே, செங்குத்தான படிகள் ஏறினால் வரும் ஒற்றை அறைதான் மொழிபெயர்ப்பு அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பீரோ, வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். அவள் டிபன் டப்பாவைத் திறந்து முதல் கவளம் எடுத்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கிய வயது. அத்தனை படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்து, மடிப்பு போக உள்ளங்கையால் தடவினார்.

"இங்கதானே இதைத் தமிழ்ல மாத்தினாங்க?"

அவள் தாளின் மூலையிலிருந்த முத்திரையைப் பார்த்தாள். "ஆமாங்க."

"இங்கிலீஷ்ல வந்ததும் இருக்கு. எனக்கு மருந்துப் பேரும் நம்பரும்தான் படிக்க வரும். இந்த இடத்துல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க."

இரண்டாவது தாளில் விரல் நின்ற இடத்தை அவள் படித்தாள். "மாரல் டர்பிட்யூட்னு போட்டிருக்கு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பெண் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"அப்படின்னா என்ன?"

"சட்டத்துல வர்ற வார்த்தைங்க. தெரிஞ்சே செய்யற கீழான காரியம்னு வச்சுக்கலாம். பொய்ச் சாட்சி, பொய்க் கையெழுத்து, ஏமாத்தறது, கொடுமைப்படுத்தறது, இன்னும் என்னென்னவோ அதுக்குள்ள வரும்."

"பாக்காததைப் பாத்ததா எழுதி வைக்கறது?"

"அதுவும் வரும்."

"அப்ப நான் பண்ணினது அதுக்குள்ள இருக்கு," என்றார் அவர், தொலைத்த சாமானைக் கண்டுபிடித்தவர்போல. பிறகு தமிழ்த்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, இங்க ஏன் இப்படிப் போட்டாங்க?"

அந்த வரியில், பணியாளரின் ஒழுக்கக்கேடு நிரூபணமானதால் அவர் பணிநீக்கம் செய்யப்படுகிறார் என்று இருந்தது.

அவள் டிபன் டப்பாவை மூடினாள்.

"ஒரு பொம்பளையைப் பத்தி இப்படி எழுதிப் பலகையில ஒட்டினா, படிக்கறவங்க என்னன்னு நினைப்பாங்க? நீங்களும் பொண்ணுதானே, சொல்லுங்க."

அவள் டிபன் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழே ரெண்டு எழுத்து சின்னதா இருக்கே. இது யாரு?"

"முன்னாடி இங்க இருந்தவங்க. இப்ப இல்ல."

"அப்படியா." அந்தப் பெண் இரண்டு தாளையும் பழைய மடிப்பிலேயே மடித்தார். மேசையை ஒருமுறை பார்த்தார். "சரிம்மா. சாப்பிடுங்க, ஆறிடும்."

படியில் இறங்கும் சத்தம் நின்ற பிறகும் அவள் சாப்பிடவில்லை. அந்த இரண்டு எழுத்தும் அவளுடையவைதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கட்டு உத்தரவு வந்திருந்தது, மறுநாளே வேண்டும் என்று. முதலாளி நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவர். தடித்த கறுப்பு நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஆங்கிலச் சொல் இடப்பக்கம், தமிழ்ச் சொல் வலப்பக்கம். "புதுசா யோசிக்காதம்மா. யோசிச்சா வம்பு வரும். நோட்டுல இருக்கறதைப் போடு, போய்க்கிட்டே இரு" என்பது அவர் முதல்நாள் சொன்ன பாடம். அன்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். அந்தச் சொல் வந்ததும் நோட்டைப் புரட்டினாள், ஒழுக்கக்கேடு என்று இருந்தது, எழுதினாள், அடியில் தன் இரண்டு எழுத்தைப் போட்டாள், அடுத்த தாளை எடுத்தாள். அந்தத் தாளில் இருந்தது ஒரு பெண்ணா ஆணா, என்ன செய்தார் என்று பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. அது முதல் பக்கத்தில் இருந்திருக்கும்.

ஒரு வாரம் அவள் அந்தப் பொய்யோடு இருந்தாள். வாயாடி என்றால் யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பேச்சு வருவதே குறைவு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்ததில், எதைச் சொல்வதற்கு முன்பும் மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்க்கும் பழக்கம். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். முதலாளி அவளுக்கு வைத்த பெயர் 'டிக்‌ஷனரி'. "கேட்டாத்தான் திறக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பு நகலிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள். அது மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு. வாசலில் அறிவிப்புப் பலகை; கம்பி வலைக்குள் தண்ணீர் வரும் நேரமும் யாரோ தொலைத்த சாவியும். பழைய தாள்களின் பசைத்தடம் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. காவலாளியிடம் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"ரெண்டெட்டு அக்காவா? அவங்க வீட்டைக் காலி பண்ணி நாலு மாசமாச்சே. நீங்க யாரு, சொந்தமா?"

"இல்லைங்க. ஒரு தாள் குடுக்கணும்."

"இன்னும் தாளா? ஏற்கனவே ஒரு தாள் வந்துதான் மானம் போச்சு." குரலைத் தாழ்த்தினார். "அமுக்கமா இருந்தாங்க பாருங்க. இருபத்திரண்டு வருஷம் ஒரு பேரு கெட்டதில்ல. யாருன்னுதான் கடைசிவரைக்கும் தெரியல."

"யாருன்னா?"

"அதான், அந்த ஆளு."

 புது முகவரியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அக்கா இருந்தது தையற்கூடம் ஒன்றின் மூன்றாவது மாடி அறையில். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் கடிகாரம், கயிற்றில் இரண்டு புடவை. கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே வரச் சொல்லிக் கட்டிலைக் காட்டினார். தானும் மறுமுனையில் உட்கார்ந்தார்.

அவள் வழியெல்லாம் கோத்துவைத்த வாக்கியம் காணாமல் போயிருந்தது. "அன்னைக்கு நான் பொய் சொன்னேன்," என்றாள்.

"தெரியுமே."

"அந்த எழுத்து..."

"உங்களுது. உங்க மேசைல நாலஞ்சு தாள் கிடந்துச்சே, எல்லாத்துலயும் அதே ரெண்டு எழுத்து. நான் இருபத்திரண்டு வருஷம் கட்டத்துக்குக் கட்டம் இன்ஷியல் போட்டவ. தலைகீழா வச்சாலும் யாரோடதுன்னு சொல்லிடுவேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க," என்றார் அக்கா. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். "டீ குடிப்பீங்களா? சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கு."

அக்காவின் கதை அன்று பாதி, அடுத்தடுத்த ஞாயிறுகளில் மீதி என்று அவளுக்குத் தெரியவந்தது. நான்கு மாதமாக அந்த அறைக்கு யாரும் வந்ததில்லை. பேச்சுக் கொடுக்க ஆள் கிடைத்ததும் அக்கா கொட்டவில்லை. அளந்து அளந்துதான் சொன்னார். வேலை அப்படிப் பழக்கிவைத்திருந்தது.

மருத்துவமனையின் பின்கட்டில் தடுப்பூசிக் கிடங்கு. ஆறு பெரிய ஃப்ரிட்ஜ்கள். உள்ளே இருக்கும் குப்பிகள் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரிட்ஜின் கதவிலும் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணை எழுதி இன்ஷியல் போட வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. கேட்டால் ஒன்றுமில்லாத வேலை. ஆனால் ஊரில் பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் மருந்து அங்கிருந்துதான் போனது. புதிதாக வருகிற ஊழியர் எவரானாலும் அக்கா முதலில் சொல்வது, "ரெண்டுலேந்து எட்டு, தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்." அதனால் அந்தப் பெயர். கோபம் வந்தால், "அக்கா எட்டைத் தாண்டிடுச்சு, கிட்டப் போகாதே" என்று கம்பவுண்டர்கள் பேசிக்கொள்வார்கள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அக்காவிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "ஆறு ஃப்ரிட்ஜைக் கட்டிக்கிட்டேன். ஒண்ணாவது எதுத்துப் பேசுதா பாருங்க."

உண்மையான காரணம் தங்கை. அம்மா இறந்தபோது அக்காவுக்கு இருபத்தாறு, தங்கைக்குப் பதினைந்து. படிக்கவைத்து, வேலை வாங்கிக்கொடுத்து, அதே துறையில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து முடித்தபோது தன்னைப் பற்றி நினைக்க நேரம் தாண்டிவிட்டது. அதில் அக்காவுக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை வீட்டுக்குப் போவார். தங்கையின் மகளுக்குத் தலை பின்னிவிடுவார். சாயங்காலம் திரும்புவார். வாரத்தில் மீதி ஆறு நாளும் அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் இருந்தன.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. அக்கா சேருவதற்கு முன்பிருந்தே இருந்தது. விடுமுறை நாளிலும் கிடங்குக்காரர் வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். யாரும் வருவதில்லை. ஆனால் சார்ட்டில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதிவிட்டுப் பூட்டிப்போவார்கள். சோதனைக்கு வருகிற அதிகாரிகளும் காலிக் கட்டத்தைத்தான் தேடினார்கள். காலிக் கட்டத்துக்கு மெமோ வந்தது. பொய்க் கட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"மத்த நாள்ல நான் பாக்காம எழுதினதே இல்ல," என்றார் அக்கா. "டார்ச் அடிச்சு, கண்ணாடி போட்டு, ரெண்டு தடவை பாப்பேன். லீவு நாளுக்கு மட்டும்தான். அதைப் பொய்னே நாங்க நினைக்கல. நாளைக்குத் தேதியை இன்னைக்கே கிழிக்கற மாதிரி."

அந்த முறை மூன்று நாள் தொடர் விடுமுறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா ஆறு சார்ட்டிலும் மூன்று நாளுக்கும் காலை, மாலை என்று முப்பத்தாறு கட்டத்தையும் நிரப்பினார்.

"எல்லாத்துலயும் நாலுன்னு போட்டா பாக்க நல்லாயில்லன்னு, அங்கங்க அஞ்சு போட்டேன். அந்த அஞ்சுதான் என்னைக் கொன்னுச்சு."

சனிக்கிழமை இரவு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். பேட்டரி செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியூர் முகாம் ஒன்றுக்கு அவசரமாக மருந்து எடுக்க ஓர் அதிகாரி வந்து கிடங்கைத் திறக்கவைத்தார். உள்ளே பத்தொன்பது டிகிரி. கதவில் சார்ட். அன்று மாலை நான்கு மணிக்கு ஐந்து டிகிரி இருந்ததாக, காலை பதினொன்றுக்கே எழுதி, இன்ஷியலும் போட்டிருந்தது.

மருந்து முழுவதும் வீண். கெட்டுப்போன குப்பிகள் எந்தக் குழந்தைக்கும் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். விசாரணையில் அக்கா எதையும் மறுக்கவில்லை. மறதியாக எழுதியதா என்று ஒருவர் கைகொடுத்துப் பார்த்தார். இன்னொருவர் சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். மறதியில் எழுதுகிறவர் நான்கு, நான்கு, ஐந்து என்று மாற்றி மாற்றி எழுதுவாரா? பார்க்கிறவர் நம்ப வேண்டும் என்று யோசித்து எழுதியது இது. அந்த இடத்தில்தான் ஆங்கில உத்தரவில் அந்தச் சொல் ஏறியது.

இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். மூன்று நாளும் எங்கே இருந்தீர்கள்?

"சொல்ல முடியாதுன்னு சொன்னேன்," என்றார் அக்கா.

"எங்க இருந்தீங்க அக்கா?"

"அது எதுக்கு இப்ப," என்று எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

உத்தரவு பதிவுத் தபாலில் இரண்டு முறை வந்தது. விசாரணை நடந்த ஆறேழு மாதமும் சஸ்பெண்டில் இருந்த அக்கா வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்ததால் வாங்க ஆள் இல்லை. துறை தன் வழக்கப்படி தமிழாக்கத்தைக் குடியிருப்பின் பலகையில் ஏழு நாள் ஒட்டியது. மூன்று நாள் எங்கோ போனாள், எங்கே என்று சொல்ல மறுத்தாள், இப்போது ஒழுக்கக்கேடு என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. இரண்டும் இரண்டும் நான்கு என்று குடியிருப்பு முடிவு செய்தது. குழாயடியில் அக்கா போனால் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி தன் கணவனை அக்கா வீட்டு வாசலைத் தாண்டாமல் பின்படி வழியாகப் போகச் சொன்னாள். அக்கா இதையெல்லாம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. "இந்த மூஞ்சிக்கு ஒரு ஆளு வேற. இருபது வருஷம் முன்னாடி ஒட்டியிருந்தாலாவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

சிரிப்பு வராத இடம் தங்கை வீடு. பலகையில் தாள் ஒட்டிய வாரம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போயிருக்கிறார். கதவு திறக்கவில்லை. ஜன்னலில் தங்கையின் மகள் எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, அம்மா வீட்ல இல்லையாம்," என்றாள். அக்கா சரி என்று திரும்பிவிட்டார். மறுவாரம் மாப்பிள்ளை போனில் பேசினார். இப்படி ஒரு பேரோட நீங்க வந்துபோனா எங்க பொண்ணுக்கு நல்லாயிருக்காது, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். கொஞ்ச நாள் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"வேலை போனது நியாயம்," என்றார் அக்கா. "அதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. நான் பண்ணினதை நான் பண்ணினதா எழுதட்டும். பொய் எழுதினான்னு போட்டு ஒட்டட்டும், நானே நின்னு படிச்சுக் காட்டறேன். பண்ணாததுக்கு அந்த வீட்டுக் கதவை மூடிட்டாங்களே, அதுதான்."

அவள் அப்போதுதான் மருந்துக்கும் குழந்தைகளுக்கும் அப்பால் அந்த அறையில் எது கிடந்து வலிக்கிறது என்று கண்டாள். அக்காவுக்கு வேண்டியது வேலை இல்லை, பெயர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் முதலாளியிடம் பேசினாள். அவளாக வாயைத் திறந்து பேசுவது அதிசயம் என்பதால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே கேட்டார்.

"நோட்டுல தப்பு இல்லம்மா," என்றார். "அந்த இங்கிலீஷ் வார்த்தை ஒரு கோணிப்பை. திருட்டையும் போடலாம், பொய்யையும் போடலாம், பொம்பளை விஷயத்தையும் போடலாம். நீதிபதிங்க அவங்க அவங்களுக்குத் தோணினதைப் போட்டுக் கட்டுவாங்க. நான் நோட்டு எழுதினப்ப வந்த கேஸெல்லாம் ஆம்பளைங்க கேஸ். ஒரு ஆம்பளையைப் போட்டு ஒழுக்கக்கேடுன்னா ஜனங்க ஏதோ குடிச்சான், அடிச்சான்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க."

"இவங்க பொம்பளை சார்."

"அதைத் தாள்ல பாத்திருக்க வேண்டியது நீ."

 அவள் தன் மேசைக்குத் திரும்பவில்லை. அவர் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றாள். கீழே நகல் இயந்திரம் ஓடித் தரை அதிர்ந்து அடங்கியது.

"என்ன வேணும்கற?"

"திருத்தச் சீட்டு ஒண்ணு. நம்ம முத்திரையோட."

"துறைலேந்து சண்டைக்கு வந்தா?"

"என் பேரைச் சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ரெண்டு எழுத்து போதாது. முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். நோட்டுல மட்டும் நான் மாத்த மாட்டேன், முப்பது வருஷத்து நோட்டு."

அன்று பகல் முழுவதும் அவள் அந்த ஒரு வரிக்காக உட்கார்ந்தாள். கயமை என்று எழுதிப் பார்த்தாள், பழம்பாட்டுப்போல் இருந்தது. இழிசெயல், நாணயக்கேடு, நெறிபிறழ்வு. ஒவ்வொன்றையும் பலகையில் ஒட்டி, குழாயடியில் நிற்கிறவர்கள் படிப்பதாக நினைத்துப் பார்த்தாள். கடைசியில் எந்த ஒற்றைச் சொல்லும் வேண்டாம் என்று விட்டுவிட்டு எழுதினாள்: மேற்படி சொல் இவ்வுத்தரவில், வெப்பநிலையைப் பார்க்காமலேயே பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதிய நேர்மையற்ற செயலை மட்டுமே குறிக்கும், வேறு எவ்வகை நடத்தையையும் குறிக்காது.

முதலாளி படித்தார். "நீளம்," என்றார். முத்திரையை ஊதிக் குத்தினார்.

அக்கா சீட்டை மூன்று தடவை படித்தார். நேர்மையற்ற என்ற இடத்தில் நின்று, "சரியாத்தான் இருக்கு," என்றார். தங்கை வீட்டுக்குத் தான் போக முடியாது, தபாலில் அனுப்பினால் மாப்பிள்ளை கைக்குப் போகும் என்று யோசித்து, அவளையே கொண்டுபோகச் சொன்னார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வெளியே போவார் என்பதுவரை சொன்னார். அவளுக்குத் தெரியாத வீட்டில், தெரியாதவரிடம், பேசிப் புரியவைக்க வேண்டும். முன்பென்றால் தலைவலி என்று படுத்திருப்பாள்.

தங்கை வீடு நான்காவது மாடியில். புதுக் குடியிருப்பு. தங்கை அக்காவைவிட உயரம், அதே மூக்கு. உள்ளே கூப்பிடவில்லை, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு வெளியே வந்து மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றே சீட்டைப் படித்தாள். இரண்டாவது தடவை படித்ததுபோல் பாவனை செய்தாள். கண் வரியில் ஓடவில்லை.

"நீங்க யாரு?"

"அந்தத் தாளை மொழிபெயர்த்தது நான்தான். தப்பாப் புரியற மாதிரி எழுதிட்டேன். உங்க அக்கா அப்படி எதுவும்..."

"அக்கா அப்படிப்பட்டவ இல்லன்னு நீங்க வந்து எனக்குச் சொல்லணுமா?"

அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"அந்த மூணு நாளும் அக்கா இங்கதான் இருந்தா," என்றாள் தங்கை. குரல் படியில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு பேசினாள். "பழைய வீட்டைக் காலி பண்ணி இங்க வந்தோம். பெட்டி கட்டினது, பாத்திரம் துடைச்சு அடுக்கினது, எல்லாம் அவதான். லீவுல ஒரு தடவை கிடங்குக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்னு சொன்னா. இவர்தான், மூணு நாள் பாக்கலேன்னா ஃப்ரிட்ஜ் எழுந்து ஓடியா போயிடும், எழுதிட்டு வாங்கன்னு போன்ல சொன்னாரு. அதைக் கேட்டுத்தான் அவ எழுதிட்டு வந்தா."

"இதை விசாரணைல..."

"அவ சொல்லல. நாங்களும் சொல்லல. இவரும் அதே துறை. ப்ரமோஷன் பேப்பர் மேல போயிருக்கு. எழுதிட்டு வரச் சொன்னது இவர்னு தெரிஞ்சா என்ன ஆகும்?" தங்கை சீட்டை மடித்தாள். "இப்ப ஊர் ஒண்ணு நினைச்சுக்கிட்டு இருக்கு. கேவலமாத்தான் இருக்கு, எனக்கும் தெரியுது. ஆனா அது எங்க பக்கம் திரும்பல. நீங்க இதைக் கொண்டுபோய்ப் பலகையில ஒட்டினா, அப்ப மூணு நாள் எங்க போனான்னு மறுபடியும் கேப்பாங்க."

உள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல், "அம்மா, யாரு?" என்றது.

"யாரும் இல்ல, பாடத்தைப் படி." தங்கை சீட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தவள் உடனே கையை எடுக்கவில்லை. "எப்படி இருக்கா?"

"மூணாவது மாடில ஒரு ரூம்ல இருக்காங்க."

"சாப்பிடறாளா?"

"டீ போட்டுக் குடுத்தாங்க."

தங்கை தலையை ஆட்டினாள். ஏதோ கேட்க வந்தாள். படிக்குக் கீழே யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

அவள் பேருந்தில் போகாமல் நடந்தே திரும்பினாள். நடக்க நடக்க மனத்துக்குள் வாக்கியங்கள் தாமாகவே தயாராயின. தங்கச்சி வீட்டுல இல்லை, பூட்டியிருந்துச்சு. சீட்டை வாங்கிக்கிட்டாங்க, அவர்கிட்ட பேசறேன்னாங்க. கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாங்க. உங்களைப் பத்திக் கேட்டு அழுதாங்க. எதைச் சொன்னாலும் அக்கா நம்புவார். கேட்டது உண்மை, அழுததாகச் சொல்வது மட்டும்தானே பொய் என்று ஒரு கணம் தோன்றியது. தையற்கூடம் இருந்த தெரு வந்துவிட்டது. மூன்றாவது மாடி ஜன்னல் தெருவைப் பார்க்கவில்லை என்பதால், அவள் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், மேலே இருப்பவருக்குத் தெரியாது.

நின்றாள். மதியம் அவள் கிளம்பியபோது அக்கா இந்த இடம்வரை கூடவே இறங்கி வந்திருந்தார். சீட்டு கசங்காமல் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கச் சொன்னார். எந்த வழி, எத்தனையாவது மாடி என்று மறுபடியும் சொன்னார். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கை ஃப்ரிட்ஜை விட்டு ஒரு வருடம் ஆன பிறகும் சில்லென்றிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமாம்மா? அவ என்ன சொன்னாலும் சொன்னதை அப்படியே வந்து சொல்லு. கதவைத் திறந்தாளா, உக்காரச் சொன்னாளா, ஒண்ணும் பண்ணலியா, எதைப் பாத்தியோ அது மட்டும். வர்ற வழியில யோசிச்சு, எனக்கு நல்லாயிருக்கும்னு எதையும் சேத்துக்கிட்டு வந்துடாதே."